அரசனிடம் மாட்டேன் என்ற அரசி



ஆறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வாழ்ந்த பெண்களில் பெரும்பாலோரைப் பற்றி நமக்கு ஒரு வரிகூடத் தெரியாது. அரசிகளுக்கே ஒரு பெயர், இன்ன அரசனின் மனைவி என்ற ஒரு குறிப்பு, கிடைத்தால் ஒரு கல்லறை. அவ்வளவுதான். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ராடெகுண்டா அதற்கு விலக்கு. அவரை நேரில் அறிந்த மூன்று பேர் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் வட இத்தாலியிலிருந்து வந்த கவிஞர் ஃபோர்த்துனாத்துஸ். இன்னொருவர் தூர் நகரத்து ஆயர் கிரகோரி. மூன்றாமவர் ராடெகுண்டா நிறுவிய மடத்திலேயே வளர்ந்த பாவ்தோனிவியா என்ற கன்னியர். போதாததற்கு, ராடெகுண்டாவே ஆயர்களுக்கு எழுதிய நீண்ட கடிதம் ஒன்றையும் கிரகோரி தம் வரலாற்று நூலில் அப்படியே சேர்த்துவைத்திருக்கிறார்.

இத்தனை சாட்சிகள் இருந்தும் ஒரு சிக்கல் இருக்கிறது. கவிஞர் எழுதியதையும் கன்னியர் எழுதியதையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றியவைதானா என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கதை.

இன்றைய ஜெர்மனியின் நடுப்பகுதியில் தூரிங்கியா என்ற நாடு இருந்தது. அங்கே மூன்று சகோதரர்கள் ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெர்த்தார் என்பவரின் மகளாக ஏறத்தாழ 520ஆம் ஆண்டில் ராடெகுண்டா பிறந்தார். பெர்த்தாரை அவருடைய உடன்பிறந்த அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஹெர்மன்ஃப்ரிட் கொன்றார். மிஞ்சிய இன்னொரு சகோதரரோடாவது ஒத்துப்போனாரா என்றால் அதுவும் இல்லை. ஹெர்மன்ஃப்ரிட்டின் மனைவி அமலபெர்கா ஒருநாள் கணவருக்குப் பாதி மேசைக்கு மட்டும் விரிப்பு விரித்து உணவு வைத்தாராம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, பாதி நாடு போதும் என்றிருப்பவருக்குப் பாதி மேசை போதாதா என்றாராம். இதைச் சொல்பவர் கிரகோரி. மாமியார் வீட்டுப் பேச்சுபோல இருப்பதால் முழுக்க நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஹெர்மன்ஃப்ரிட் பிராங்குகளின் அரசன் தியூடெரிக்கைத் துணைக்கு அழைத்து அந்தச் சகோதரனையும் ஒழித்தார். உதவிக்கு வந்தவருக்குத் தருவதாகச் சொன்ன பங்கைத் தரவில்லை. 531இல் தியூடெரிக் தன் தம்பி குளோத்தாரோடு படையெடுத்து வந்தான். ஊன்ஸ்த்ரூட் ஆற்றங்கரையில் தூரிங்கியர்கள் அழிந்தார்கள். ஆறு பிணங்களால் நிரம்பியதால் பிராங்குகள் அவற்றின் மேலேயே நடந்து அக்கரை சேர்ந்தார்கள் என்று எழுதுகிறார் கிரகோரி.

அந்தப் போரில் பிடிபட்ட கைதிகளில் ராடெகுண்டாவும் அவருடைய தம்பியும் இருந்தார்கள். சிறுமிக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். இவள் யாருக்கு என்பதில் வென்ற அரசர்களுக்குள்ளேயே தகராறு. கடைசியில் குளோத்தாரின் பங்குக்கு வந்தார். வடபிரான்சின் ஆத்தி என்ற ஊரிலிருந்த அரச மாளிகையில் அவரை வளர்த்தார்கள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் மணந்துகொள்வதற்காகத்தான் வளர்த்தார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குளோத்தார் எப்படிப்பட்டவன் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ராடெகுண்டா பிறகு செய்தவற்றின் கனம் நமக்குப் பிடிபடாது. இறந்துபோன அண்ணனின் சிறுபிள்ளைகள் இருவர், ஒருவனுக்குப் பத்து வயது, இன்னொருவனுக்கு ஏழு. நாட்டில் பங்கு கேட்டு வளர்ந்துவிடுவார்கள் என்று அவர்களைத் தன் கையாலேயே குத்திக் கொன்றவன். அவன் மனைவி இங்குண்ட், என் தங்கைக்கு நல்ல மாப்பிள்ளை பாருங்கள் என்று கேட்டபோது, போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னைவிட நல்ல மாப்பிள்ளை கிடைக்கவில்லை, நானே மணந்துகொண்டேன் என்று சொன்னவன். 560இல் தன்னை எதிர்த்த சொந்த மகனை மனைவி மக்களோடு ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தவன். இந்த மனிதனிடம்தான் ராடெகுண்டா திரும்பத் திரும்ப மாட்டேன் என்று சொன்னார். சொல்லிவிட்டு உயிரோடும் இருந்தார்.

முதல் மறுப்பு பலிக்கவில்லை. திருமணத்துக்கு ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்ததும் இரவோடு இரவாகத் தப்பி ஓடினார். பிடித்துக் கொண்டுவந்தார்கள். 540ஐ ஒட்டி, சுவாசோன் நகரில் அவரை அரசியாக்கினார்கள்.

அரசியான பிறகு அவர் நடத்திய எதிர்ப்பு வேறு விதமானது. விருந்து மேசையில் இறைச்சியைத் தொடாமல் பருப்பும் அவரையும் மட்டும் உண்டார். இரவில் இயற்கைக் கடன் என்று சொல்லிப் படுக்கையைவிட்டு எழுந்துபோய்க் குளிர்ந்த தரையில் மயிர்க்கம்பளம் விரித்து நெடுநேரம் செபித்தார். சாப்பாட்டு நேரத்துக்கு அவரைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அரசர் அரசியை மணக்கவில்லை, ஒரு கன்னியரை மணந்திருக்கிறார் என்று அரண்மனையில் பேசிக்கொண்டார்கள். குளோத்தார் இதற்காகக் கோபப்படுவான். பிறகு பரிசுகள் கொடுத்துச் சமாதானம் செய்வான் என்கிறார் ஃபோர்த்துனாத்துஸ். பக்தியை எதிர்ப்பு என்று நான் சொல்வது சிலருக்கு நெருடலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் ராடெகுண்டாவுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

550ஐ ஒட்டி குளோத்தார் அவருடைய தம்பியைக் கொன்றுவிட்டான். தூரிங்கிய அரச குடும்பத்தில் அவருக்கென்று பக்கத்தில் இருந்த ஒரே உறவு அந்தத் தம்பிதான். ராடெகுண்டா அரண்மனையைவிட்டு வெளியேறினார்.

நேராக நுவாயோன் ஆயர் மெதார்திடம் போனார். என்னைத் துறவியாக்குங்கள் என்றார். ஆயருக்குப் பெரும் தர்மசங்கடம். உயிரோடிருக்கும் கணவனின் மனைவி, கணவனோ குளோத்தார். கூட இருந்த பிராங்கு பிரபுக்கள் ஆயரைப் பீடத்திலிருந்து பிடித்திழுத்து, அரசரின் மனைவிக்கு முக்காடு போட நீர் யார் என்று மிரட்டினார்கள். அவர் தயங்கி நின்றபோது ராடெகுண்டா உடைமாற்றும் அறைக்குள் போய்த் தாமே துறவு உடையை உடுத்திக்கொண்டு பீடத்தருகே வந்து நின்றார். கடவுளைவிட மனிதருக்கு அஞ்சுவீரானால் இந்த ஆட்டின் ஆன்மாவுக்கு நீர்தான் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற பொருளில் ஆயரிடம் பேசினார். மெதார்து அவர்மீது கைகளை வைத்துத் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தினார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். பெண்களை இனித் திருத்தொண்டராக்கக் கூடாது என்று அந்த நாட்டுத் திருச்சபைச் சங்கங்கள் 441இலும் 517இலும் 533இலும் தீர்மானம் போட்டிருந்தன. அதே தீர்மானத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்றாலே அது நடந்துகொண்டுதான் இருந்தது என்று பொருள். எப்படியானாலும், மிரட்டிய பிரபுக்களையும் தடுத்த சட்டத்தையும் நடுங்கிய ஆயரையும் கடந்து ஒரு முப்பது வயதுப் பெண் தான் வந்த காரியத்தை அன்று ஒரே நாளில் முடித்துக்கொண்டார். கணவனின் கை எட்டாத ஒரு பதவி அந்த உலகத்தில் ஒரு பெண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் யாரும் தம்மை உட்கார வைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

நகைகளையும் பட்டாடைகளையும் பீடங்களுக்குக் கொடுத்தார். பொன் அரைக்கச்சையை உடைத்து ஏழைகளுக்குப் பகிர்ந்தார். லுவார் நதிக்குத் தெற்கே, அரசன் அவருக்குத் தந்திருந்த ஒரு பண்ணையில் தங்கினார். வாரம் இரண்டு நாள் ஏழைகளைக் குளிப்பாட்டினார். தலை தேய்த்து, பேனும் சிரங்கும் பாராமல் தாமே கழுவிவிட்டார். தொழுநோய் கண்ட பெண்களை அணைத்து முத்தமிட்டார். இனி உங்களை யார் முத்தமிடுவார்கள் என்று பணிப்பெண் ஒருத்தி கேட்டதற்கு, நீ முத்தமிடாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை என்று பதில் சொன்னாராம். ஃபோர்த்துனாத்துஸ் எழுதிய பக்கங்களில் ராடெகுண்டாவின் குரல் இந்த இடத்தில்தான் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

குளோத்தார் சும்மா இருக்கவில்லை. மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளத் தூர் நகரம்வரை வந்துவிட்டான். இதை எழுதியவர் பாவ்தோனிவியா. கவிஞர் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். செய்தி தெரிந்ததும் ராடெகுண்டா உபவாசத்தை அதிகமாக்கினார். கூடவே பாரிஸ் ஆயர் ஜெர்மானுசுக்கு இரகசியமாகக் கடிதமும் அனுப்பினார். அரசனோடு பயணத்தில் இருந்த ஜெர்மானுஸ், புனித மார்த்தினின் கல்லறை முன்னால் அரசன் காலில் அழுதபடி விழுந்தார். குளோத்தார் பயந்துவிட்டான். மன்னிப்புக் கேட்டு அதே ஆயரை ராடெகுண்டாவிடம் தூது அனுப்பினான். புவாத்தியே நகரில் அவருக்கு ஒரு மடம் கட்ட அரசப் பணம் வந்தது. எந்த ஆயர், எந்த நேரம், எந்தக் கல்லறை என்று தெரிந்து அடித்த அடி அது. அரண்மனையில் கழித்த ஆண்டுகள் வீணாகவில்லை.

புவாத்தியே மடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராடெகுண்டா அதற்குத் தலைவியாகவில்லை. சிறுவயது முதல் தாம் வளர்த்த ஆக்னஸ் என்ற இளம்பெண்ணைத் தலைவியாக்கி, அவருக்குக் கீழ்ப்படிந்து நடந்தார். ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ் கன்னியர்களுக்காக வகுத்த ஒழுங்கை மடத்துக்கு வரவழைத்தார். உள்ளே வந்தவர் சாகும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. அனைவரும் எழுத்தறிய வேண்டும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் வாசிக்க வேண்டும். வாசலைப் பூட்டும் விதி நமக்குக் கொடுமையாகப் படும். பெண்களைக் குதிரையில் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாயக் கல்யாணம் செய்கிற காலத்தில் அந்தப் பூட்டு உள்ளிருந்தும் போடப்பட்ட பூட்டு. மடத்தில் அவர் மற்றவர் தூங்கும்போது செருப்புகளைத் துடைத்தார், விறகு சுமந்தார், தம் முறை வரும்போது சமைத்தார், கழிப்பிடம் கழுவினார்.

ஆனாலும் அரசி அரசிதான். அவருடைய இருக்கையில் வினொபெர்கா என்ற பணிப்பெண் துணிந்து உட்கார்ந்தாளாம். உடனே அவள் உடல் எரியத் தொடங்கி, மூன்று நாள் எல்லோரும் பார்க்கப் புகைந்ததாம். மன்றாடிய பிறகே தணிந்ததாம். புதுமையை நம்புவது அவரவர் விருப்பம். செருப்புத் துடைத்த புனிதைக்கு மடத்துக்குள் ஓர் உயர்ந்த ஆசனம் இருந்தது, அதில் வேறொருத்தி அமர்ந்தது அவர்கள் கண்ணுக்குக் குற்றமாகத் தெரிந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

இப்போது தொடக்கத்தில் சொன்ன சந்தேகத்துக்கு வரலாம். ஃபோர்த்துனாத்துஸ் காட்டும் ராடெகுண்டா தம் உடலோடு போர் செய்பவர். தவக்காலத்தில் கழுத்திலும் கைகளிலும் இரும்பு வளையங்களைப் பூட்டிக்கொள்கிறார். சதை வீங்கி இரும்பை மூடிவிடுகிறது. சிலுவை வடிவத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி உடலில் பதித்துக்கொள்கிறார். படிக்கவே கூசும் பக்கங்கள். பாவ்தோனிவியாவின் நூலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. முன்னவர் விட்டதை மட்டும் எழுதுகிறேன் என்று அவர் சொல்லியிருப்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் அவர் எதைத் தேர்ந்து எழுதுகிறார் என்று பாருங்கள். ராடெகுண்டா தீவைத்து அழிக்கச் செய்த, பிராங்குகளின் பழைய சமயக் கோயில், அரசர்களுக்கு அனுப்பிய கடிதங்கள், எருசலேமுக்கும் கான்ஸ்தாந்திநோபிளுக்கும் போய்வந்த தூதர்கள். வெளியே இருந்து பார்த்த ஆண் வதைபட்ட உடலைப் பார்த்தார். உள்ளே வளர்ந்த பெண் ஆட்சி செய்கிற ஒருவரைப் பார்த்தார். இருவருமே அவரை நேசித்தவர்கள். நான் பாவ்தோனிவியாவின் பக்கம்.

கவிஞர்மீது எனக்கு மனக்கசப்பு எதுவும் இல்லை. 566இல் அரசன் சிகிபெர்ட்டின் திருமணத்துக்குக் கவிதை பாட மெட்ஸ் நகருக்கு வந்தவர், ஊர் ஊராகப் பிரபுக்களைப் புகழ்ந்து பாடிக்கொண்டே புவாத்தியே வந்து சேர்ந்தார். வந்தவர் போகவில்லை. ராடெகுண்டாவைத் தாய் என்றும் ஆக்னஸைத் தங்கை என்றும் அழைத்தார். மடத்திலிருந்து அவருக்குப் பாலும் முட்டையும் பிளம் பழங்களும் போகும். அவரிடமிருந்து ஊதாப்பூக்களும், தாமே பின்னிய கூடையில் கஷ்கொட்டைகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதையும் வரும். அக்காலத்தில் உண்ட உணவுக்கு நன்றி சொல்லிய கவிதைகள் இத்தனை அழகாக வேறெங்கும் இல்லை.

ராடெகுண்டாவின் குரலில் அமைந்த தூரிங்கியாவின் அழிவைப் பற்றிய நெடும்பாடல் ஃபோர்த்துனாத்துசின் கவிதைகளோடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. அவரே இயற்றியதா, கவிஞர் எழுதித் தந்ததா என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். கான்ஸ்தாந்திநோபிளில் படைத்தலைவராக இருந்த தந்தையின் உடன்பிறந்தவர் மகன் அமல்ஃப்ரிட்டுக்கு எழுதிய கடிதம் அது. எரிந்த அரண்மனையும், புதைக்க ஆளில்லாத பிணங்களும், ஒரு வரி எழுதாத உறவினன்மேல் கோபமும் அதில் இருக்கின்றன. கொலையுண்ட தம்பி கிழக்கே அமல்ஃப்ரிட்டிடம் போக விரும்பியதும், அக்காவின் பொருட்டே போகாமல் நின்றதும் அதில் வருகின்றன. எழுத்து யாருடையதாக இருந்தாலும் இந்தக் கடைசிச் செய்தியைக் கவிஞர் கற்பனை செய்திருக்க முடியாது.

அந்தக் கிழக்குத் தொடர்பிலிருந்துதான் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய காரியம் பிறந்தது. சிகிபெர்ட்டின் அனுமதியோடு பேரரசன் இரண்டாம் ஜஸ்டினிடமும் பேரரசி சோஃபியாவிடமும் தூது அனுப்பி, இயேசு அறையப்பட்ட சிலுவையின் துண்டு என்று நம்பப்பட்ட திருப்பண்டத்தைக் கேட்டார். நாட்டின் நலனுக்காகக் கேட்கிறேன் என்றார். 569இல் அது வந்து சேர்ந்தது. அதை வரவேற்க ஃபோர்த்துனாத்துஸ் இயற்றிய ‘வெக்ஸில்லா ரேஜிஸ்’, ‘பாஞ்சே லிங்குவா’ என்ற இரண்டு பாடல்களும் கத்தோலிக்கத் திருச்சபையின் புனித வார வழிபாட்டில் இன்றும் இருக்கின்றன.

வந்த திருப்பண்டத்தை முறைப்படி மடத்தில் நிறுவ வேண்டிய உள்ளூர் ஆயர் மரோவேயுஸ், குதிரையில் ஏறித் தம் பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். அவர் வருத்தம் புரிகிறது. புவாத்தியேவின் பெருமை அதுவரை புனித இலாரியின் கல்லறை. அதன் காவலர் ஆயர். இனி நகரத்தின் பெரிய பொருள் பெண்கள் கையில் பூட்டிய வாசலுக்குள். ராடெகுண்டா அரசனுக்கு எழுதினார். அரசன் அப்போதைய தூர் ஆயரை அனுப்பி விழாவை நடத்திவைத்தான். மரோவேயுஸ் அந்த மடத்தைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

குளோத்தார் 561இல் இறந்த பிறகு அவன் மகன்கள் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். சண்டை என்று கேள்விப்பட்டதும் ராடெகுண்டா ஒவ்வொரு அரசனுக்கும் தனித்தனியாகச் சமாதானக் கடிதம் எழுதுவார். கன்னியர்களை இரவு விழித்துச் செபிக்க வைப்பார். மாற்றாந்தாய் என்ற உரிமையும் சிலுவையைக் காப்பவர் என்ற உரிமையும் சேர்ந்த கடிதங்கள் அவை. அரசன் சில்பெரிக் தன் மகள் பசினாவை மடத்திலிருந்து எடுத்து ஸ்பெயின் இளவரசனுக்குக் கட்டிக்கொடுக்க விரும்பியபோது பசினா மறுத்தாள். கிறிஸ்துவுக்கு அர்ப்பணமானவள் உலக இன்பத்துக்குத் திரும்புவது தகாது என்று ராடெகுண்டாவும் சொல்லிவிட்டார். இன்னொரு அரசனுக்கு இன்னொரு மறுப்பு. பசினாவின் பெயரை நினைவில் வையுங்கள்.

587 ஆகஸ்டு 13ஆம் நாள் ராடெகுண்டா இறந்தார். மரோவேயுஸ் ஊரில் இல்லை. தூரிலிருந்து கிரகோரி வந்தார். இருநூறு பேரளவில் கன்னியர்கள் உடலைச் சுற்றி நின்று அழுதார்கள் என்று எழுதுகிறார். ஒழுங்குப்படி ஒருவரும் வாசலைத் தாண்ட முடியாது. மதிலுக்கு வெளியே அடக்கம் செய்யக் கொண்டுபோகும்போது சன்னல்களிலும் மதில்மேலும் நெருக்கி நின்று அவர்கள் போட்ட ஓலத்தில் வழிபாட்டுப் பாடல் எடுபடவில்லை. அந்தக் கல்லறைக் கோவில் இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. 1562இல் சீர்திருத்தச் சபையினர் கல்லறையை உடைத்தார்கள்; பிறகு சீர்செய்யப்பட்டது. கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி, 1496இல் மூடப்பட்ட ஒரு புனித ராடெகுண்டா மடத்தின் கட்டடங்களில்தான் தொடங்கியது என்பதை இங்கே போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

புனிதர் வரலாறுகள் வழக்கமாகக் கல்லறையோடு, அல்லது கல்லறையில் நடந்த புதுமைகளோடு முடியும். கிரகோரி வரலாற்றாசிரியர் என்பதால் அடுத்த பக்கத்தையும் எழுதினார். ஆக்னஸும் அதற்குள் இறந்து, லியுபொவேரா என்பவர் தலைவியாக இருந்தார். 589இல், அரசன் கரிபெர்ட்டின் மகள் என்று சொல்லிக்கொண்ட குரோதியெல்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட கன்னியர்களோடு மடத்தைவிட்டு வெளியேறினார். கொட்டும் மழையில் நடந்தே தூர் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் அரசர் பிள்ளைகள், எங்களை அடிமைப் பெண் பெற்ற பிள்ளைகளைப் போல நடத்துகிறார்கள் என்பது அவர்களது முறையீடு. கூடவே வந்தவர்களில் பசினாவும் ஒருத்தி. பிறகு அவர்கள் இலாரியின் கோவிலைப் பிடித்துக்கொண்டு அடியாட்களைச் சேர்த்தார்கள். சமரசத்துக்கு வந்த ஆயர்களுக்கு அடி விழுந்தது. ஓர் இரவில் ஆயுதங்களோடு மடத்துக்குள் புகுந்து, கீல்வாதத்தால் நடக்க முடியாத தலைவியைத் திருச்சிலுவைப் பேழையின் முன்னிருந்து தூக்கிப்போனார்கள். இருட்டில் முதலில் ஆள்மாறித் துணைத்தலைவியைப் பிடித்துவிட்டு, பார்த்துத் திரும்பி வந்து சரியான ஆளைப் பிடித்தார்கள்.

590இல் ஆயர்கள் விசாரித்தார்கள். தலைவி சூதுப்பலகை ஆடினார், குளியலறையை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டார், பெண்ணுடை போட்ட ஆணை உள்ளே வைத்திருக்கிறார், ஒரு பையனைக் காயடிக்கச் செய்தார் என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. பெண்ணுடைக்காரர் தாமே முன்வந்து, தலைவியைப் பெயரளவில்தான் தெரியும், மடத்துக்கு வெகுதூரத்தில் இருக்கிறேன் என்றார். பையனின் விவகாரத்துக்கு மருத்துவர் ரியோவாலிஸ் எழுந்தார். அவனுக்குத் தொடையிடுக்கில் நோய். கான்ஸ்தாந்திநோபிளில் மருத்துவர்கள் செய்யக் கண்டபடி நானே அறுவை செய்தேன். தலைவிக்கு ஒன்றும் தெரியாது என்றார். பலகை ஆட்டத்துக்கும் குளியலறைக்கும் லியுபொவேரா சொன்ன பதில் ஒன்றுதான்: ராடெகுண்டா அம்மையார் இருந்த காலத்திலேயே இப்படித்தான் நடந்தது. ஆயர்கள் தலைவியை விடுவித்தார்கள்.

பின்னாளில் தம் நூலை எழுதிய பாவ்தோனிவியா இந்தக் கலகத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் அப்போது அந்த மதிலுக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

பசினா மன்னிப்புக் கேட்டு மடத்துக்குத் திரும்பினாள். குரோதியெல்டு, அந்தத் தலைவி இருக்கும் இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அரசன் அவருக்கு ஒரு பண்ணையை எழுதிக்கொடுத்தான். ராடெகுண்டாவும் ஒரு பண்ணையிலிருந்துதான் தொடங்கினார். குரோதியெல்டு தம் பண்ணையில் என்ன செய்தார் என்று யாரும் எழுதவில்லை.